பழைய ஐ5-2500கே பிராசஸரை நிலையாக ஓவர்கிளாக் செய்யும் முறை: தகரக் கூரை வீட்டுக்கான செய்முறை விளக்கம்

இன்டெல் நிறுவனம் 2011 ஜனவரியில் வெளியிட்ட கோர் ஐ5-2500கே, ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த அளவுக்கு மேல் வேகம் கூட்டிப் பழக விரும்பும் புதியவருக்கு இன்றும் மிகப் பொருத்தமான பிராசஸர் என்பது என் கருத்து. நான்கு கோர்கள், 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், பூட்டப்படாத பெருக்கி (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்குவது என்று நாமே மாற்றக்கூடிய எண்) ஆகியவற்றோடு, சில்லுக்கும் உலோக மூடிக்கும் இடையே பற்றாசு (உலோக ஒட்டு) வைக்கப்பட்டிருப்பதால் சூடு எளிதில் வெளியேறும் என்ற நன்மையும் அதற்கு உண்டு. 2012இல் வந்த அடுத்த தலைமுறையான 3570கே பிராசஸரில் பற்றாசுக்குப் பதிலாக வெப்பம் கடத்தும் பசைதான் இருந்தது.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்ந்த அறையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், தகரக் கூரை வீட்டின் அறை பிற்பகலில் 33 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அறையின் சூடு ஒரு டிகிரி கூடினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். ஆகவே நள்ளிரவில் 74 டிகிரியில் அமைதியாக ஓடிய கணினி, மறுநாள் மூன்று மணிக்கு 83 டிகிரியைக் காட்டக்கூடும். அந்த மூன்று மணி வெயிலிலும் பிழையின்றி ஓடும் வேகத்தையே நிலையான வேகமாகக் கொள்ள வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த அளவுகோலின்படியே எழுதப்பட்டுள்ளது.

படி 1: பாகங்களைச் சரிபார்த்தல்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பிராசஸர் பெயரின் முடிவில் 'கே' இருக்கிறதா என்றும், மதர்போர்டின் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) பி67, இசட்68, இசட்77 ஆகியவற்றுள் ஒன்றா என்றும் பாருங்கள். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாக விற்பனைக்கு வரும் கணினிகளில் எச்61 போர்டும் கே இல்லாத பிராசஸரும் இருப்பதே வழக்கம். அவற்றில் இந்த வேலை நடக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஈப்போவுக்குச் சென்று கூலருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

படி 2: சுத்தமும் குளிர்ச்சியும்

பெட்டியைத் திறந்து, செம்மண் தூசியையும் எறும்புக் கூட்டையும் மென்தூரிகையால் அகற்றுங்கள். பிராசஸர் மூடிமேலுள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வையுங்கள். பிராசஸருடன் வந்த சிறிய கூலர் இதற்குப் போதாது. 120 மில்லிமீட்டர் விசிறி பொருத்தப்பட்ட கோபுர வடிவக் கூலர் தேவை.

இதில் கஞ்சத்தனம் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பிராசஸர் உட்கொள்ளும் மின்சக்தி, வேகத்தின் நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.2க்குச் செல்லும்போது வேகம் 1.27 மடங்காகிறது, மின்னழுத்தம் 1.20 வோல்ட்டிலிருந்து 1.30க்கு உயர்ந்தால் அதன் இருமடி 1.17 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பம் வெளியேற வேண்டியிருக்கிறது. மின்னழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூட்டக் கூடாது என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

படி 3: தொடக்க நிலையைக் குறித்தல்

முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகல் எடுங்கள். பிறகு எதையும் மாற்றாமல், வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, பிராசஸருக்கு முழுப் பளு கொடுக்கும் பிரைம்95 மென்பொருளின் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனையை அரைமணி நேரம் ஓட்டி, அறையின் வெப்பநிலையையும் கோர்களின் உச்ச வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்86 கொண்டு நினைவகத்தையும் (ராம்) சோதியுங்கள். பழுதான ராம் இருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு பிழைக்கும் பிராசஸரையே குற்றவாளியாக எண்ணித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: பயாஸில் மாற்றங்கள்

கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்திப் பயாஸ் என்ற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் செல்லுங்கள். அடிப்படைக் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸிலேயே விட்டுவிடுங்கள். இந்தத் தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகளுக்கான இணைப்பு), சாட்டா (வட்டுக்கான இணைப்பு) ஆகியவற்றின் கடிகாரங்களும் அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சில மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே வட்டுத் தகவல் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. பெருக்கியை மட்டும் 40 ஆக்குங்கள். 100ஐ 40ஆல் பெருக்கினால் 4.0 கிகாஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தைத் தானியங்கி நிலையில் விடாமல் 1.25 வோல்ட் என்று நீங்களே அமையுங்கள், ஏனெனில் தானியங்கி நிலையில் பல போர்டுகள் தேவைக்கு அதிகமாகவே கொடுக்கும். ராமின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டிலேயே இருக்கட்டும்.

வேலைப்பளு ஏறும்போது மின்னழுத்தம் சற்றே இறங்கும் இயல்புடையது. அதை ஈடுசெய்யும் 'லோட்லைன் கேலிப்ரேஷன்' அமைப்பை நடுத்தர நிலையில் வையுங்கள். உச்ச நிலை வேண்டாம். அதில் பளு விலகும் கணத்தில் மின்னழுத்தம் எகிறிவிடும்.

கணினி எழவே இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டிலுள்ள வட்டமான பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

படி 5: பிற்பகல் சோதனை

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பிரைம்95ஐ அரைமணி நேரம் ஓட்டுங்கள். பிழை இல்லையென்றால் பெருக்கியில் ஒன்று கூட்டுங்கள். பிழை வந்தால் மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் உயர்த்தி மீண்டும் ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

இந்த முன்னோட்டங்களை இரவில் செய்வதில் தவறில்லை. இறுதித் தேர்வு மட்டும் பகல் ஒரு மணிக்குத் தொடங்கி மாலை வரை, வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் அதே அறையில், அதே சன்னல் நிலையில் நடக்க வேண்டும். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, மேசை விசிறியை அதன்மேல் திருப்பி எடுத்த அளவு உங்களையே ஏமாற்றும். எந்தக் கோரும் 80 டிகிரியைத் தாண்டக் கூடாது, மின்னழுத்தம் 1.35 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு எல்லைகளை நான் பரிந்துரைக்கிறேன். சில்லு 98 டிகிரி வரை தாங்கி, அதன் பிறகே தானாக வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூலரில் தூசி படிந்து, பேஸ்ட் காய்ந்துபோகும் நாளுக்கும் சேர்த்து இப்போதே இடம் விட்டுவைக்க வேண்டும். எல்லையைத் தொட்டுவிட்டால் பெருக்கியில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். 4.3க்கும் 4.2க்கும் உள்ள வேறுபாடு, கோயில் திருவிழாக் காணொளியைத் தொகுக்கும்போதுகூட உங்களுக்குத் தெரியாது.

வானம் கறுத்தால் சோதனையை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை அதிகம் என்பதால், இந்த வேலைக்கு வேறு மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

படி 6: பிழைகளைப் புரிந்துகொள்ளுதல்

பிரைம்95இல் ஒரு வேலைப்பகுதி (ஒரு கோரில் ஓடும் சோதனை) மட்டும் நின்றுபோனாலும், நீலத் திரையில் பிழை எண் 124 அல்லது 101 என்று முடிந்தாலும், பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியவை ஓசையின்றித் திருத்தப்படும் பிழைகள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயரில் எண் 19 கொண்ட பதிவுகள் இருந்தால், கணினி நன்றாக ஓடுவதுபோல் தோன்றினாலும் அது விளிம்பில் நிற்கிறது. ஒரே ஒரு பதிவு இருந்தாலும் 0.01 வோல்ட் கூட்டி மீண்டும் சோதியுங்கள்.

எல்லாம் சரியானபின், நிலையான மின்னழுத்தத்தை 'ஆஃப்செட்' முறைக்கு (பிராசஸர் கேட்கும் மின்னழுத்தத்தோடு ஒரு சிறு அளவை மட்டும் கூட்டும் முறை) மாற்றினால், வேலை இல்லாத நேரத்தில் வேகமும் மின்னழுத்தமும் தாமாகக் குறையும். மாற்றியபின் பளுவில் வரும் அளவு பழையபடியே இருக்கிறதா என்று பார்த்து, கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பியும், இரவு முழுக்க அணைத்துவைத்துக் காலையில் போட்டும் சோதியுங்கள். 2011ஆம் ஆண்டு போர்டில் பழைய பேட்டரியே இருந்தால் புதிய சிஆர்2032 ஒன்றை மாட்டிவிடுங்கள். அது தீர்ந்துபோகும் நாளில் உங்கள் அமைப்புகள் அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், பெருக்கி, ஆஃப்செட், லோட்லைன் நிலை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறக் கதவில் ஒட்டிவையுங்கள்.