ஆறாத வாய்ப்புண்: நாள் கடத்தாமல் கண்டுபிடிக்க

வாய்ப் புற்றுநோய் வருவது கண்ணுக்குத் தெரிகிற, விரலுக்கு எட்டுகிற இடத்தில். அப்படியிருந்தும் பலர் கழுத்தில் நெறிகட்டிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிக்காது என்பதே முதல் காரணம். சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று எரியும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். எரிச்சலே இல்லாமல் நாள்கணக்கில் கிடக்கும் புண்தான் கவலைக்குரியது.

அடுத்த தாமதம் மருந்துக்கடையில். சூடு என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, பிறகு ஜெல், அதற்கும் அடங்காவிட்டால் ஆன்டிபயாடிக். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போய்விடும். மரத்துப்போகச் செய்யும் ஜெல் எரிச்சலை மறைக்குமே தவிர, புண் அப்படியே இருக்கும். ஆகவே புண்ணைப் பார்த்த அன்றே காலண்டரில் தேதியைக் குறியுங்கள். 2 வாரத்தில் ஆறாவிட்டால் மருந்தை மாற்றிப் பார்க்காதீர்கள், பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட், மது என எந்தப் பழக்கம் இருந்தாலும் மாதம் ஒருமுறை வாயைச் சோதியுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடித்து, கன்னத்தை விரலால் நன்றாக இழுத்து, கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தைப் பாருங்கள். புகையிலையை அடக்கும் இடம் அதுதான். நம் நாட்டில் அதிகம் புற்று வரும் இடமும் அதுவே. பிறகு சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்து, இரண்டு ஓரங்களையும் கடைவாய்ப்பல் வரை பாருங்கள். நுனியை அண்ணத்தில் வைத்தால் நாக்கின் அடிப்பகுதி தெரியும். கடைசியாக எல்லா இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, ஓரம் தடித்த புண், தொட்டால் ரத்தம், காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் மரப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது.

ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டதும் எரிந்தாலோ, கன்னத்தின் உட்புறம் இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு போடுபவர்களுக்கு வரும் இந்த இறுக்கம் பின்னாளில் புற்றாக மாறக்கூடும். வாய் திறக்க முடியாததால் உள்ளே வளரும் புண்ணும் கண்ணில் படாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது.

மருத்துவர் பக்கமும் நாள் போவதுண்டு. கூர்ப்பல் குத்தியதால் வந்த புண் என்றால், மருத்துவர் அந்தக் கூரைத் தேய்த்து மழுக்கிய 2 வாரத்தில் ஆற வேண்டும். ஆடும் பல்லைப் பிடுங்கிய குழி மூடாமல் சதை வளர்ந்தால், பயாப்ஸி (சின்னத் துண்டு சதையை எடுத்துச் செய்யும் சோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழக்கமே இல்லாதவருக்கும் நாக்கு ஓரத்தில் புற்று வரும். "சிகரெட்டே தொடமாட்டேன்" என்பதற்காகச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன. அந்தப் பயம் தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டுப் புண்ணின் ஓரத்திலிருந்து சின்னத் துண்டு எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் செத்த திசு மட்டும் வந்து முடிவு தவறக்கூடும். 'புற்று இல்லை' என்று ரிப்போர்ட் வந்தும் புண் ஆறவில்லை என்றால், அந்த ரிப்போர்ட்டோடு போய் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள்.