ஆல்தோ வந்தால் பட் வேண்டாம்

கோலாலம்பூர் செந்தூலில், எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். தைப்பூசம் முடிந்ததும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்ததை எழுதச் சொன்னால், யாராவது ஒருவர் நோட்டில் இது இருக்கும்: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ கிளைம்ப்ட் தி ஸ்டெப்ஸ்.'

அதையே தமிழில் சொல்லச் சொல்வேன். 'மழை பெய்தாலும் படியேறினோம்.' அந்த 'பெய்தாலும்' போதும், இரண்டும் சேர்ந்துவிட்டன. 'மழை பெய்தாலும் ஆனால் ஏறினோம்' என்று நம்மில் யாரும் பேசுவதில்லையே! ஆங்கிலத்திலும் அதே கணக்குதான். ஆல்தோ இருந்தால் பட் போகட்டும். பட் வேண்டுமானால் ஆல்தோ போகட்டும். பிக்காஸ், ஸோ ஜோடிக்கும் இதே வைத்தியம். மலாயில் 'வாலாவ்புன்' (ஆல்தோ), 'தெதாப்பி' (பட்) இரண்டையும் சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தவறு உறுத்தாது. அதனால் வாய்விட்டுப் படித்தால் மட்டும் போதாது. பென்சிலால் இணைப்புச் சொற்களை வட்டமிட்டு எண்ணுங்கள்.

இன்னொரு தவறு உண்டு. அதற்காகப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசே வருவதில்லை, ஏனென்றால் அது நம் மொழியின் அழகிலிருந்தே பிறக்கிறது. 'கொமுட்டர் ரயில் ஏறி, பத்துமலையில் இறங்கி, 272 படியும் ஏறி, சாமி கும்பிட்டோம்.' ஏறி, இறங்கி எல்லாம் வினையெச்சம். யார், எப்போது என்பதைக் கடைசி வினை ஒன்றே சொல்லிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் 'வீ டேக் தி டிரெய்ன், கெட் ஆஃப் அட் பத்து கேவ்ஸ் அண்ட் பிரேய்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'அண்ட்' கோக்கிற ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும்: டுக், காட் ஆஃப், பிரேய்ட்.

அன்லெஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' ஒளிந்திருக்கிறது. 'அன்லெஸ் இட் டஸ் நாட் ரெய்ன், வீ வில் கோ' என்று எழுதினால், மழை பெய்தால் போவோம் என்று பொருள் தலைகீழாகிவிடும். 'டஸ் நாட்' என்பதை எடுத்துவிட்டு 'அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்' என்று எழுதுங்கள்.

ஹவெவர் இணைப்புச்சொல்லே அல்ல. 'இட் வாஸ் லேட், ஹவெவர் வீ வெய்ட்டட்' என்று கமா போட்டு ஒட்டினால் ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் கமா.

டிஸ்பைட்டுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராது, 'ஆஃப்' (of) என்பதும் வராது. டிஸ்பைட் தி ரெய்ன், அவ்வளவுதான்.