பாத்ரூம் தரையிலும் 2×4 டைல், அதுவும் ஜாயின்ட் இல்லாமல்: வீட்டுக்காரர் இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

ஷோரூமில் சுவரில் நிற்கும் 600×1200 மி.மீ. (2×4 அடி) பளபளப்பு டைலைப் பார்த்துவிட்டு வருவார்கள். "இதையே தரைக்கும் போடுங்க, வெட்டுத் துண்டு வேண்டாம், ஜாயின்ட் தெரியக் கூடாது, பெட்ரூம் தரையோட சமமா இருக்கணும்." புதிதாக வேலை எடுப்பவர்கள் தலையாட்டிவிட்டு, தண்ணீர் தேங்கிய பிறகு தரையைப் பெயர்ப்பார்கள். அழகுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கி வரலாம். வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவை, மட்டும் விட்டுக் கொடுக்கக் கூடாது.

1. அளவெடுக்காமல் பதில் சொல்லாதீர்கள்

கேட்ட அன்றே "முடியும்", "முடியாது" இரண்டும் வேண்டாம். 5×7 அடி பாத்ரூம், கதவு 5 அடிப் பக்கத்தில், நஹானி டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வடிகால் வாய்) எதிர்ச்சுவர் அருகே என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால் 7 அடிக்கு 1 அங்குலம் இறக்கம் வரும். கதவோரம் அறைத் தரையைவிட 10 மி.மீ. தாழ்வு. டைலும் பசையும் சேர்ந்து சுமார் 15 மி.மீ. ஆக, டிராப்பின் வாய் அறைத் தரை மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 அங்குலம் கீழே இருக்க வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பாருங்கள். டிராப் அதைவிட மேலே நின்றால், பிளம்பரை வைத்து அதை இறக்கிய பிறகுதான் டைல் பேச்சு.

2. ஏன் கூடாது என்பதைத் தரையிலேயே காட்டுங்கள்

டிராப்பின் மேல் மூடியான ஜாலி சுவரை விட்டு ஒரு அடி தள்ளியோ நடுவிலோ இருந்தால், நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் அதை நோக்கி இறங்க வேண்டும். பெரிய டைல் மரப்பலகை போல விறைப்பானது, வளையாது. வாட்டம் பிடித்த தளத்தில் ஒரு முழு டைலைப் பசையில்லாமல் வைத்து மூலையை அழுத்தினால் எதிர் மூலை தூக்கும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பினால் நாளைக்குத் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்கும், பிறகு அந்த இடத்தில்தான் விரிசல் விழும். டைலைச் சமமாகவே ஒட்டினால் என்ன ஆகும் என்று காட்ட, அதைச் சமமாக வைத்து ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்; எங்கும் ஓடாமல் நிற்கும். அதே தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்துத் தேய்த்து, வழுக்கலையும் வீட்டுக்காரரே கையால் தடவிப் பார்க்கட்டும். விளக்கம் சொல்வதைவிட இது சீக்கிரம் புரியும்.

வெட்டே வேண்டாம் என்பதற்கும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 5 அடி அகலத்தில் 2 அடி டைல் இரண்டு வைத்தால் 1 அடி மிச்சம். நடுவில் முழு டைல், இரு ஓரமும் 1½ அடி என்று பிரித்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெட்டித்தான் ஆக வேண்டும். 35 சதுர அடிக்கு 6 டைல், அதாவது 48 சதுர அடி வாங்க வேண்டும்.

3. மாற்று வழியோடு போங்கள்

சுவருக்கு அவர் ஆசைப்பட்ட பளபளப்பு டைலை அப்படியே போடுங்கள். தரைக்கு அதே டிசைனில் பளபளப்பில்லாத மேட் ரகம். முடிந்தால் 2×4 மேட் டைலையே எட்டு 1×1 துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்தலாம், நிறம் மாறாது. சிறிய துண்டு எந்தப் பக்கமும் வாட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். தரை ஜாயின்ட்டைச் சுவர் ஜாயின்ட்டோடு நேர்க்கோட்டில் சேர்த்தால் பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

பெரிய டைல்தான் வேண்டும் என்று நின்றால், எதிர்ச்சுவர் முழுக்க 5 அடி சேனல் டிரெயின் (நீளமான வடிகால் பள்ளம்). அப்போது வாட்டம் ஒரே திசையில் போகும், 2×4 சரியாக உட்காரும். செலவு கூடும், டிராப்பையும் அதன் கீழே கொண்டுவர வேண்டும். அப்போதும் மேட் டைல்தான்.

ஜாயின்ட்டுக்குச் சுவரில் 2 மி.மீ., தரையில் 3 மி.மீ. ஸ்பேசர் (டைல்களுக்கிடையே வைக்கும் இடைவெளித் துண்டு). ஒட்டி ஒட்டி வைத்தால் விரிவதற்கு இடமில்லாமல் டைல் தூக்கிக்கொள்ளும். இடுக்கில் ஜாயின்ட்டை அடைக்கும் கிரவுட்டும் இறங்காது, தண்ணீர் மட்டும் இறங்கும். டைல் நிறத்திலேயே எபாக்ஸி கிரவுட் போட்டால் நான்கைந்து அடி தள்ளி நின்றால் கோடு கண்ணுக்கே தெரியாது.

"சமமா இருக்கணும்" என்பதை மட்டும் ஏன் என்று கேளுங்கள். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர் இருக்கலாம், அது நியாயமான தேவை. 10 மி.மீ. தாழ்வை வைத்துக்கொண்டு, வாசலில் விளிம்பு சரித்த கிரானைட் பட்டை போட்டால் கால் தட்டாது.

4. எழுத்தில் வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்:

"சார், பேசியபடி சுவர் 2×4 கிளாஸி, தரை 1×1 மேட். ஜாயின்ட் சுவரில் 2 மி.மீ., தரையில் 3 மி.மீ. கதவோரம் 10 மி.மீ. தாழ்வு, ஜாலி வரை 1 அங்குல வாட்டம். சரி என்றால் பதில் போடுங்க, நாளைக்கு டைல் ஆர்டர் பண்ணிடலாம்."

பதில் வரும்வரை டைலை இறக்க வேண்டாம். வெட்டிய டைலைக் கடை திரும்ப எடுக்காது.

5. ஒட்டும் முன்னும் பின்னும்

வாட்டர்புரூஃபிங் காய்ந்ததும் டிராப்பை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள், கீழ்த்தளத்தில் ஈரம் பாருங்கள். 20 கிலோ பசை மூட்டை 3 மி.மீ. கனத்தில் சுமார் 48 சதுர அடிக்கு வரும். பெரிய டைலுக்கு முதுகிலும் பசை தடவ வேண்டியிருப்பதால் கிட்டத்தட்ட இரு மடங்கு கணக்கு வையுங்கள்.

கிரவுட் இறுகியதும் வீட்டுக்காரர் முன்னால் இரண்டு வாளி தண்ணீரைக் கதவோரத்திலிருந்து ஊற்றி, எங்கேயாவது குட்டை நிற்கிறதா என்று காட்டி, போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாட்டமே வேண்டாம் என்பவரிடம் சுவர் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, தரையை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.