பனி விடுவதற்குள்: நோய், கடன், தேர்தல் குறித்து ஒரு சிறுநகரக் குடும்பத்துக்கான வழிகாட்டி

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த 2021ஆம் ஆண்டின் தை மாதத்தில் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் காலை ஏழு மணி வரை எதிர்வீட்டுத் திண்ணை கண்ணுக்குத் தெரிவதில்லை. பனி ஈரத்தில் தெருவில் பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) விரிக்க முடியாமல் வெயிலுக்காகக் காத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டால், "கொரோனாவால் மறுபடியும் ஊரடங்கு வருமாமே" என்று தொடங்குவது, மூச்சு விடுவதற்குள் குழுக்கடன் தவணைக்குப் போய், அங்கிருந்து யார் ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதில் போய் நிற்கிறது. மூன்றும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்வதால், இன்றைக்கே முடிக்கக்கூடிய வேலைகள்கூட முடியாமல் கிடக்கின்றன. அந்த மூட்டையைப் பிரித்து, எதை எங்கே, எந்தத் தேதிக்குள் செய்வது என்று முடிவு கட்டும் வழியை, எங்கள் வீட்டிலும் தெருவிலும் செய்து பார்த்தபடி எழுதுகிறேன். நெசவு இல்லாத ஊர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகங்கள், நகைக்கடன் ரசீதுகள், மகளிர் குழுவின் தவணை அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வாக்காளர் அட்டைகள், பெரியவர்களின் மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைப் பாயில் பரப்புங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவரும் சொல்லும் கவலையை ஒரு வரியாக எழுதி, அதற்கு எந்த அலுவலகத்தில், யாரிடத்தில் பதில் இருக்கிறது என்பதையும், எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதையும் எதிரே குறியுங்கள். பிள்ளைகளையும் சொல்ல விடுங்கள். ஜனவரி 19ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தபோது, எங்கள் வீட்டுப் பெண் பாடம் விட்டுப்போனதற்காகத்தான் கலங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்; பள்ளியிலிருந்து தாத்தாவுக்கு நோயைக் கொண்டுவந்துவிடுவோமோ என்று அவள் பயந்துகொண்டிருந்தது அந்த மாலையில்தான் தெரிந்தது. எதிரே எழுத எதுவும் கிடைக்காத வரிகளும் இருக்கும். அவற்றை அடிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். எங்கள் நோட்டில் பதினேழு வரிகள் வந்தன. பன்னிரண்டுக்கு எதிரே ஓர் இடத்தின் பெயரை எழுத முடிந்தது.

நோயைப் பற்றிய வரிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2020 ஜூலை 27ஆம் தேதி ஒரே நாளில் 6,993 பேருக்குத் தொற்று உறுதியானது. இந்த 2021 தையில் நாளொன்றுக்குச் சில நூறு பேருக்கு என்ற அளவில் இருக்கிறது. மருத்துவமனையில் கூட்டம் குறைந்திருக்கும் இந்த நாட்களில்தான் ஆயத்தங்களைச் செய்து முடிக்க வேண்டும். பனிக்காலத்தில் குளிரைவிட, குளிருக்காக நாம் சாத்தி வைக்கும் சன்னல்களே தொற்றுக்கு அதிகம் உதவுகின்றன. குழித்தறி (கால் வைக்கத் தரையில் குழி தோண்டிய தறி) உள்ள வீட்டில் இழை உலர்ந்து அறுந்துவிடக் கூடாது என்று காற்றைக் குறைத்து வைப்பது பழக்கம். அதே கூடத்தில்தான் தாத்தா உறங்குகிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள், பாவு பிணைக்க வருபவர்கள் உட்காருகிறார்கள். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி முதல் நான்கு மணி வரையாவது, எதிரெதிரான இரண்டு சன்னல்களையோ ஒரு சன்னலையும் பின்கதவையுமோ திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஊடுருவிப் போகாது. வெளியாட்கள் வரும் நாளில் தேநீரைத் திண்ணையில் கொடுங்கள். எல்லாரும் முகக்கவசத்தை ஒரே நேரத்தில் கழற்றுவது தேநீருக்காகத்தான்.

விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதைப் பனிக்காலத்தில் பயன்படுத்தும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மார்கழியில் ஒருநாள் விடியற்காலை பெரியப்பாவுக்கு 89 என்று காட்டியதும் வீடே அலறிவிட்டது; 108க்கு அழைக்கப் போனவனைத் தடுத்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தால், கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவிய விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்து, கால் மணி நேரம் போர்வைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தபோது 97. விரல் குளிர்ந்திருந்தால் அதில் இரத்த ஓட்டம் குறையும், கருவி தவறான எண்ணைக் காட்டும். ஆகவே கையைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, எண் மாறாமல் நிலைத்து நின்ற பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தும் 94க்குக் கீழே இருந்தாலோ, எண் எதுவாக இருந்தாலும் மூச்சு வாங்கினாலோ, கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு இரவைக்கூடக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மழைக்குப் பிந்தைய இந்தப் பருவத்தில் டெங்குவும் இருக்கும் என்பதால், காய்ச்சல் என்றாலே கொரோனா என்று ஒளித்து வைப்பதும் தவறு, சாதாரணச் சளிதான் என்று விட்டுவிடுவதும் தவறு. இரண்டு நாள் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம், ஏனெனில் டெங்குவாக இருந்தால் அவற்றில் சில இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி இந்த மாதமே விண்ணப்பித்துவிட வேண்டும். 2021 தை நிலவரப்படி, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அது கிடைக்கும். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுச் சான்றிதழுக்கு ஓடியவர்களைச் சென்ற ஆண்டு பார்த்தேன். அந்த அலைச்சல் யாருக்கும் வர வேண்டாம். தடுப்பூசி 2021 ஜனவரி 16ஆம் தேதி மருத்துவப் பணியாளர்களுக்குத் தொடங்கியிருக்கிறது. நம் முறை வரும்வரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆதாரில் உள்ள பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்து வைப்பது. பதிவு செய்து தருகிறோம் என்று தொலைபேசியில் ஓடிபி கேட்பவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது கடன். எங்கள் தெருவில் அதிகம் தூக்கம் கெடுப்பது இதுதான். திருமணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்ததும் உறவுக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பட்டுச் சேலைகள் நின்றுபோயின. சேலை நின்றதால் நூல் நின்றது. நூல் நின்றதால் கூலி நின்றது. தையில் முகூர்த்தங்கள் தொடங்கி வேலை மெல்லத் திரும்பினாலும், இடைப்பட்ட மாதங்களின் கடன் அப்படியே இருக்கிறது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையை ஒத்திவைத்தவர்கள், வட்டி ஒத்திவைக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வங்கிக்குப் போய், இன்றைய நிலுவை எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று புதிய அட்டவணையைத் தாளில் கேட்டு வாங்குங்கள். அந்த ஆறு மாதத்துக்கான வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருவதாக மத்திய அரசு அறிவித்த தொகை, நவம்பர் 5ஆம் தேதிக்குள் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். பயிர்க்கடனுக்கு அது கிடையாது. வீட்டுக்கடன், கல்விக்கடன், சிறுதொழில் கடன் ஆகியவற்றுக்கு உண்டு. சிறு தொகைதான், ஆனாலும் புத்தகத்தைப் பதிவிட்டுப் பாருங்கள்.

நகைக்கடனில்தான் மிகுந்த கவனம் தேவை. நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் தந்த வங்கிகள், வேளாண்மை அல்லாத தேவைகளுக்கு 90 விழுக்காடு வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் அனுமதித்தது. அந்த அனுமதி 2021 மார்ச் 31 வரைதான். அதே ஆகஸ்டில் சென்னையில் பவுன் விலை 43,000 ரூபாயைத் தாண்டியது, இந்த 2021 தையில் 37,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. அன்று ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு 90,000 ரூபாய் வாங்கியிருந்தால், இன்று அந்த நகையின் மதிப்பு ஏறக்குறைய 86,000 ரூபாய். கடன் நகையைவிடப் பெரிதாகிவிட்டது. வங்கி எந்த நாளிலும் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லலாம், மறு அடகின்போது பழைய 75 விழுக்காட்டுக் கணக்கும் வந்துவிடும். ஆகவே ரசீதில் உள்ள கெடு தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, கூலி வரும் வாரங்களில் சிறுசிறு தொகையாக அசலில் கட்டி வாருங்கள். தேர்தலுக்கு முன் தள்ளுபடி வரும் என்று தெருவெங்கும் பேச்சு இருக்கிறது. வந்தால் நல்லது, ஆனால் அரசாணை வெளியாகி, அதில் எந்தத் தேதிக்குள், எத்தனை பவுன், எந்த வங்கி என்று படித்துப் பார்க்காமல் வட்டியை நிறுத்த வேண்டாம். ஏலத்துக்குப் போன தாலிச் சங்கிலி திரும்பாது.

குழுக்கடன் வசூலுக்கு வருபவர் இரவில் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பது முறையல்ல என்பதைப் பெண்கள் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி வசூல் நடக்க வேண்டியது பொதுவாகக் குறித்த இடத்தில். கடன் பெற்றவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம், அப்போதும் மிரட்டக் கூடாது. அதனால் பணம் இல்லாத வாரத்திலும் கூட்டத்துக்குப் போய், முடிந்த தொகையைக் கட்டி, அட்டையில் கையெழுத்து வாங்குங்கள். ஒளிந்துகொண்டால் நமக்குள்ள உரிமையை நாமே விட்டுக்கொடுத்ததாகிவிடும். அவசரத்துக்குக் கைபேசிச் செயலியில் கடன் வாங்கும் இளைஞர்களைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்தும் அந்தச் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2020 டிசம்பரில் எச்சரித்தது.

உரிமையாகக் கிடைக்க வேண்டியவற்றையும் விட்டுவிடாதீர்கள். தள்ளுவண்டியிலும் நடைபாதையிலும் விற்பவர்களுக்குப் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், 2021 தை நிலவரப்படி, 10,000 ரூபாய் கடன் உண்டு. நகராட்சியில் கேட்க வேண்டும். ஆலையில் வேலை பார்த்தவர்கள், இந்தக் கொரோனா காலத்துக்கான ஏற்பாட்டின்படி, வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதை முன்பணமாக எடுக்கலாம். கைத்தறிக்கு 2021 தை நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு உள்ள 200 யூனிட் இலவச மின்சாரம் கணக்கில் கழிகிறதா என்று மின் அட்டையைப் பாருங்கள்.

அரசியல் கவலைக்கு வருவோம். இதற்கு மருந்து குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. செய்தியை வாங்கும் முறையை முதலில் மாற்றுங்கள். பள்ளிகள் நவம்பர் 16இல் திறக்கும் என்ற அறிவிப்பு சில நாட்களில் மாறியது. திரையரங்குகளுக்கு ஜனவரி 4ஆம் தேதி கொடுத்த முழு இருக்கை அனுமதி 8ஆம் தேதியே 50 விழுக்காட்டுக்குத் திரும்பியது. அரசே நான்கு நாளில் மாற்றிக்கொள்ளும்போது, தேதியும் அரசாணை எண்ணும் இல்லாத வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஒரு வாரம் கலங்குவது வீண். நாளுக்கு ஒருமுறை, மாலையில், செய்தி கேட்டால் போதும். இறுதி வாக்காளர் பட்டியல் 2021 ஜனவரி 20ஆம் தேதி வந்துவிட்டது. வீட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், விடுபட்டவர்கள் இப்போதும் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்கலாம், ஐயம் இருந்தால் வாக்காளர் உதவி எண்ணான 1950க்கு அழைக்கலாம்.

சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, கொசு மருந்து என்று சிறுநகரத்தின் அன்றாடக் குறைகளைச் சொல்ல வார்டு உறுப்பினர் இல்லாமல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு இந்த 2021 தை வரை நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் தேர்தலே நடக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் இது பெரிய இழப்பு, இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். இருக்கும் வழி, நகராட்சி ஆணையருக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றைத் தவறாமல் வாங்கி வைப்பதுதான். சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர்கள் தெருவுக்கு வரும்போது கேட்பதற்காக எங்கள் தெருவார் ஒரே ஒரு கோரிக்கையைத் தாளில் எழுதி, எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்: மழையிலும் பனியிலும் பாவு விரிக்க, கூரை போட்ட நீண்ட ஒரு கொட்டகை. எந்தக் கட்சி வந்தாலும் அதே தாளைத்தான் நீட்டப் போகிறோம்.

நோட்டில் எதிரே எதுவும் எழுதப்படாமல் நின்ற வரிகளில் ஒன்று, தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு இரவில் ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும் என்பது. அதற்கு எந்த அலுவலகமும் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் முதியவர்கள் எங்கள் தெருவில் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்கி, பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் மருந்துச் சீட்டின் நகலையும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். பனியில் வாசல் தெரியாத காலத்திலும் அவர்கள் கோலம் போடத் தவறுவதில்லை. ஏழு மணிக்கு வாசலில் கோலம் இல்லையென்றால், பொறுப்பானவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்.