பிலாட்டிஸ்ல எந்த லெவல்ல சேரறது? பத்து வருஷ யோகாவ நம்பி கழுத்து பிடிச்சவ சொல்றேன்

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் கேட்டாங்க, "ஏன் கண்ணு, பிலாட்டிஸ் சேரலாம்னு ஃபார்ம் வாங்கிட்டு வந்தேன், பிகினரா இன்டர்மீடியட்டான்னு கேட்டிருக்கு, நான்தான் தினம் காந்தி ஸ்டேடியத்துல ஒரு மணி நேரம் நடக்கறேனே, இன்டர்மீடியட்னு போட்டுடட்டுமா?"ன்னு. (பிலாட்டிஸ்னா மூச்சோட சேத்து வயிறு, முதுகுத் தசையப் பலப்படுத்தற உடற்பயிற்சி.) போடாதீங்கக்கான்னு கையப் பிடிச்சு நிறுத்தினேன், ஏன்னா நான் அதத்தான் பண்ணேன்.

பத்து வருஷமா யோகா பண்றவ, சூரிய நமஸ்காரம் பன்னெண்டு சுத்து அசால்ட்டா போடுவேன், அந்தத் தெம்பு ஒரு பக்கம், ஆபீஸ் முடிஞ்சு வர்றதுக்கு சாயங்கால பேட்ச்தான் தோதா இருந்துச்சு, அது இன்டர்மீடியட் பேட்ச், அவ்ளோதான் என் ஆராய்ச்சி. முதல் நாளே 'ஹண்ட்ரட்'. மல்லாக்கப் படுத்து, தலையும் தோளும் தூக்கி, ரெண்டு காலையும் நீட்டித் தூக்கி, கைய மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே அஞ்சு எண்ணி மூச்ச இழுத்து அஞ்சு எண்ணி விடணும், அப்படி பத்து சுத்து, மொத்தம் நூறு. முப்பதுலயே வயிறு கைவிட்டுடுச்சு, மீதிய கழுத்து இழுத்துச்சு. மறுநாள் அஞ்சு ரோட்ல ஸ்கூட்டில திரும்பறப்போ பின்னாடி வர்ற பஸ்ஸப் பாக்க தலை திரும்பல.

லெவல்ங்கறது நீங்க எவ்ளோ ஃபிட்டுங்கறது கிடையாதுங்க. கையும் காலும் ஆடறப்போ இடுப்பும் முதுகும் ஆடாம நிக்குதான்னு பாக்கறதுதான். இத உருவாக்கின ஜோசப் பிலாட்டிஸ், 1883ல ஜெர்மனில பொறந்தவரு, இதுக்கு வச்ச பேரே கன்ட்ரோலஜி, அதாவது கட்டுப்பாடுதான் முதல்ல, வேகமும் எண்ணிக்கையும் அப்புறம்தான்.

வீட்லயே பாத்துக்கலாம், பத்து நிமிஷம் போதும். கோரைப்பாய் மட்டும் போட்டா முதுகெலும்பு குத்தும், ஜமுக்காளத்த நாலா மடிச்சுப் போடுங்க. முட்டிய மடக்கிப் படுத்து இடுப்புக்கடியில ஒரு கைய வச்சுக்கோங்க. ஒரு காலத் தூக்கி முட்டி இடுப்புக்கு நேர் மேல வர்ற மாதிரி நிறுத்துங்க, அப்புறம் இன்னொரு காலு, அப்புறம் ஒவ்வொண்ணா மெதுவா இறக்குங்க. இடுப்பு கைய விட்டு எழும்புதா, மூச்ச அடக்கிட்டீங்களா, வயித்து நடுவுல கூம்பு மாதிரி புடைக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் பிகினர்தான், யோசிக்கவே வேண்டாம். (பிரசவம் ஆனவங்களுக்கு அந்தப் புடைப்பு வந்தா வயித்துத் தசை நடுவுல விலகியிருக்கலாம், சேர்றதுக்கு முன்னாடி பிசியோகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.)

இது சரியா வந்துச்சுன்னா ரோல் அப். கால நீட்டிப் படுத்து, கைய வீசாம, குதிகால் தரைய விட்டு எழும்பாம, முதுகெலும்ப ஒவ்வொரு கணுவா சுருட்டி எழுந்து உக்காந்து, அதே மாதிரி திரும்பிப் படுக்கணும். எழும்பறத விட படுக்கறதுலதான் குட்டு வெளிப்படும். ஏற்காட்டு 20 கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்போ செகண்ட் கியர்ல பிடிச்சுப் பிடிச்சு இறங்கறோமே, அந்தப் பிடி இருக்கணும், பாதில தொப்புன்னு விழுந்தா இன்டர்மீடியட்டுக்கு இன்னும் நாளாகும். எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிரச்சனை இருக்கறவங்க இந்த டெஸ்டே பண்ணாதீங்க, முதுக இப்படிச் சுருட்டறது அவங்களுக்கு ஆகாது. மாசமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு அவங்களுக்குன்னே இருக்கற கிளாஸாப் பாருங்க.

ரிஃபார்மர் மெஷின் (ஸ்பிரிங் மாட்டின, முன்னாடியும் பின்னாடியும் ஓடற பலகை) கிளாஸ்னா இன்னொரு கூத்து. ஸ்பிரிங் கம்மி பண்ணா ஈஸின்னு தோணும். பிளாங்க் (கையையும் காலையும் ஊனி உடம்ப நேரா நிறுத்தறது) மாதிரி சிலதுல ஸ்பிரிங் குறையக் குறைய அந்தப் பலகை வழுக்கிட்டு ஓடும், நாமதான் பிடிச்சு நிறுத்தணும், அதனால லைட் ஸ்பிரிங்தான் கஷ்டமே.

லெவல் பேர ரொம்பவும் நம்பாதீங்க, ஒரு இடத்து இன்டர்மீடியட் இன்னொரு இடத்துல பிகினரா இருக்கும். காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் உக்காந்து பாக்கட்டுமான்னு கேளுங்க. டீச்சர் ஆளாளுக்குப் போய் கை வச்சு திருத்தறாங்களா, முடியாதவங்களுக்கு "தலைய கீழ வச்சுக்கோங்க, முட்டிய மடக்கிக்கோங்க"ன்னு மாத்து வழி சொல்றாங்களா, இல்ல பாட்டப் போட்டுட்டு எண்ணிக்கிட்டு மட்டும் நிக்கறாங்களான்னு பாருங்க. எங்க கவுன்டர்ல என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி "கேஷா ஜிபேவா".

நான் பிகினருக்கு இறங்கி மூணு மாசம் இருந்தேன். மூச்சு எப்போ இழுக்கணும் எப்போ விடணும்னு டீச்சர் சொல்லாமலே வந்து, மறுநாள் வலி கழுத்துல இல்லாம வயித்துல தெரிய ஆரம்பிச்சப்போதான் மேல போனேன்.

அக்கா பிகினர்னு போட்டு, ஓரத்துல "இடது முட்டி வலி உண்டு"ன்னு ஃபார்ம்ல கேக்காததையும் பேனாவால எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. அவங்களுக்கு நான் சொன்னது இன்னும் ஒண்ணுதான், கிளாஸுக்குப் போற வழியில தட்டுவடை செட் சாப்பிடாதீங்கக்கா, கால மேல தூக்கினதும் பூண்டுச் சட்னி தொண்டைக்கு வரும்.