மாத்திரைக்குள்ளே தண்ணீர்: தோட்டத்து வீட்டில் மருந்து வைப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உப்பு கசிந்துவிடும், டின்னை மூட மறந்தால் சாயங்காலத்துக்குள் முறுக்கு நமத்துப்போகும். அடுப்புக்கு மேலே தட்டில் கிடக்கும் மாத்திரைக்கும் அதே காற்றுதான். முறுக்கு நமத்தால் கடித்தவுடனே தெரிந்துவிடும், மாத்திரையில் அது தெரியாது.

முதலில் பெட்டியை எடுத்து மருந்தின் பெயரை முழுசாகப் படியுங்கள். பல மருந்துகளின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும்: அமாக்ஸிசிலின் டிரைஹைட்ரேட், அஸித்ரோமைசின் டைஹைட்ரேட், தியோஃபிலின் அன்ஹைட்ரஸ். எங்கள் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலே தண்ணி கலந்துட்டாங்களா?" என்று கேட்டார். கலப்படம் இல்லை. மருந்து படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறோடும் கணக்காக இத்தனை நீர் மூலக்கூறுகள் சேர்ந்து அடுக்கிக்கொள்கின்றன; மோனோ என்றால் ஒன்று, டை இரண்டு, டிரை மூன்று, அன்ஹைட்ரஸ் என்றால் நீரே இல்லை. சுவருக்குள் செங்கல் மாதிரி அந்த நீர் படிகத்தின் கட்டுமானத்திலேயே இருப்பதால் தொட்டால் ஈரம் தெரியாது. எடையிலும் ஏமாற்று இல்லை: 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின் கேப்சூலில் உண்மையில் 574 மில்லிகிராம் அளவுக்கு டிரைஹைட்ரேட் தூள் போட்டிருப்பார்கள், கூடுதல் எடை நீருடையது, லேபிளில் உள்ள கணக்கு மருந்துக்கு மட்டும்.

நம்ப முடியவில்லையா, தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. செம்பனைக்குப் போடுகிற கீசரைட் உரமும் கடையில் விற்கும் பேதி உப்பும் ஒரே மெக்னீசியம் சல்பேட்தான், கீசரைட்டில் ஒரு நீர், பேதி உப்பில் ஏழு. பேதி உப்பின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 51 சதவீதம், நீர்! கையில் எடுத்தால் காய்ந்த கல்தான். பழைய சட்டியில் இரண்டு கரண்டி போட்டுச் சூடாக்கிப் பாருங்கள், தன்னுடைய நீரிலேயே இளகி, கொதித்து, கடைசியில் வெள்ளையாக இறுகிப்போகும். (சமைக்கிற சட்டி வேண்டாம், வீட்டில் திட்டு விழும்.)

சரி, வடிவம் மாறினால் என்ன? பொதுவாக நீரற்ற படிகம் தண்ணீரில் வேகமாகக் கரையும், நீரேறியது மெதுவாகக் கரையும், அது ஏற்கெனவே நீரோடு சமாதானமாகிவிட்டது. (கீசரைட் இந்த விதிக்கு அடங்காது, பேதி உப்பைவிட மெதுவாகவே கரைகிறது.) கரையாத மருந்து ரத்தத்துக்குப் போகாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெப்பின் இதற்குப் பேர்போன உதாரணம். மாத்திரையில் போடுவது நீரற்ற வடிவம். ஈரக்காற்றில் கிடந்தால் அது டைஹைட்ரேட்டாக மாறி மாத்திரை கெட்டியாகிவிடும், வயிற்றில் சரியாகக் கரையாது. இப்படி வைத்த மாத்திரை மூன்றில் ஒரு பங்கு வேலையை இழக்கக்கூடும் என்று 1990இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. வலிப்புக்காரருக்கு அந்த ஒரு பங்கு சின்ன விஷயம் இல்லை.

அதனால் ஃபாயில் பட்டையில் இருக்கும் மாத்திரையைச் சாப்பிடுகிற நேரத்துக்குத்தான் பிரிக்க வேண்டும். வாரத்துக்கு ஏழு அறை போட்ட டப்பா வசதிதான், எங்கள் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் கார்பமாஸெப்பின் மாதிரி "ஈரம் படக்கூடாது" என்று போட்ட மருந்தை அதில் போடாதீர்கள், மற்றதைக் கூட ஃபார்மசிஸ்டைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். போத்தலில் வந்தால் அதிலேயே இருக்கட்டும், உள்ளே இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம், மாத்திரையை எடுத்த கையோடு மூடியை இறுக்குங்கள். குளியலறை, அடுப்படி, கார் டேஷ்போர்டு மூன்றும் கூடாது. ஐஸ்பெட்டியும் வேண்டாம், லேபிள் சொன்னால் ஒழிய. வெளியே எடுக்கும்போதெல்லாம் குளிர்ந்த போத்தலில் நீர் கோத்துக்கொள்ளும். லேபிளில் மலாயில் "டி பாவா 30" என்று இருந்தால் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அது கஷ்டம்தான். வெயில் விழாத உள்ளறை அலமாரி, பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டு, நம் வீடுகளில் அதுதான் நல்ல இடம்.

ஈரம் பட்ட மாத்திரையை வெயிலில் காய வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் அத்தை வற்றல் காய வைப்பதுபோல முறத்தில் பரப்பிவிட்டார். நீர் வெளியேறினாலும் படிகம் பழையபடி அடுக்கிக்கொள்ளும் என்று உறுதியில்லை, சூட்டில் மருந்தே சிதையவும் கூடும். அமாக்ஸிசிலின் மாதிரி நீரோடு இருந்தால்தான் நிலைத்து நிற்கும் மருந்துகளுக்கு நீரை விரட்டுவதே கெடுதல்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் தூளில் கொடுக்கப்போகிற அன்றைக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் லேபிளில் போட்டிருக்கும் நாள் வரைதான், மருந்தைப் பொறுத்து 7 நாளோ 14 நாளோ. கலந்த தேதியைப் போத்தல் மேலேயே எழுதிவிடுங்கள், மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

மாத்திரை கெட்டியாகியிருந்தாலோ, நிறம் மாறி உதிர்ந்தாலோ, நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், கூட ஒன்று போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பட்டையோடு ஃபார்மசிக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள், எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தை முறத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.