திருவிழா மேடைக்கு அனுமதி கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விழாக் குழு இளைஞர்கள் மனுவும் கையுமாக அலையத் தொடங்கிவிடுகிறார்கள். மேடையும் மைக்செட்டும் அமைத்துத் தரும் தொழிலில் இருப்பதால் அந்த மனுக்கள் என் பார்வைக்கும் வருகின்றன. தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். கையெழுத்து விடுபடுவது, தேதி மாறுவது போன்றவற்றைக் காவல் நிலையத்திலேயே திருத்தச் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லை தெரியாமல் மனு எழுதுதல்

அஞ்சல் முகவரியில் மதுரை என்று இருப்பதால் மட்டும் ஓர் ஊர் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள் வந்துவிடாது. புறநகர்க் கிராமங்கள் பலவும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருபவை. உங்கள் ஊர் எந்தக் காவல் நிலையத்தைச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

ரசீதை அனுமதி என்று எண்ணுதல்

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் விழுந்தவுடன் வேலை முடிந்தது என்று விழாக் குழு முடிவு கட்டிவிடுகிறது. அன்று மாலையே ஆடல் பாடல் குழுவுக்கு முன்பணம் போகிறது, மறுநாள் சாலையோரத்தில் பிளக்ஸ் எழும்புகிறது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அந்த முத்திரைக்கு எந்தப் பொருளும் இல்லை. நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நிபந்தனைகள் ஆகியவற்றைக் குறித்து அதிகாரி கையொப்பமிட்டுத் தரும் உத்தரவே அனுமதி.

மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரே திடலில், ஒரே இரவில் மேடை போட இரு தரப்பினர் மனுக் கொடுத்திருந்தார்கள். இருவரிடமும் முத்திரையிட்ட நகல் இருந்தது; இருவரும் முன்பணமும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் மேடைக்குக் குழாய் ஊன்றிக்கொண்டிருந்தபோது வந்த ஆய்வாளர், நீட்டப்பட்ட தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரசீதுய்யா, ஆர்டர் எங்கே?" என்று கேட்டார். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி இரு மனுக்களும் நிராகரிக்கப்பட்டன. காப்புக் கட்டியாகிவிட்டதால் தேதியைத் தள்ளிப்போடவும் வழியில்லை. அந்த இரவுக்காக வேறு ஊர்களை மறுத்திருந்த நடனக் குழுவினர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீடு வீடாகத் தலைக்கட்டு வரி வசூலித்த பணம் அது என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நம் பக்கத்திலேயே இயங்குவதால், கடைசி நேரத்தில் வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்ற துணிச்சல் வேறு பலருக்கு இருக்கிறது. மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டால் அதுவும் அனுமதி ஆகாது. மனு மீண்டும் அதே அதிகாரியின் மேசைக்குத்தான் போகும், விழாவோ மறுநாள் இருக்கும். ஆகவே காப்புக் கட்டும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே மனுக் கொடுங்கள். திடல் கோயிலுடையதா, ஊராட்சியுடையதா, புறம்போக்கா என்று பார்த்து, உரியவரின் ஒப்புதலை மனுவுடன் இணையுங்கள். கலைக் குழுவிடம் பேசி முடிக்கும்போதே, அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூம்பு ஒலிபெருக்கி

கட்ட வேண்டாம்.

நேரத்தை மறைத்தல்

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களில் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது ஆண்டுக்கு 15 நாள்களைத் தாண்டக் கூடாது. விடிய விடிய நடக்கும் நாடகத்தைப் பேசிவிட்டு மனுவில் பத்து மணி என்று எழுதினால், பாதியில் நிறுத்தப்படும்போது கேட்க உங்களுக்கு வாயிருக்காது.

மண்டபத்தில் மது

திருமண மண்டபத்தில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று 2023 ஏப்ரலில் வந்த அறிவிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று இன்னமும் கேட்கிறார்கள். எதிர்ப்பு எழுந்தவுடன் திருமண மண்டபங்களுக்கான அந்த அனுமதியை அரசு கைவிட்டுவிட்டது. மேடைக்கோ மண்டபத்துக்கோ பெற்ற அனுமதி, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் பெற வேண்டிய உரிமத்துக்கு ஈடாகாது. விருந்தினர் கேட்கிறார்கள் என்று பந்திக்குப் பின்னால் பாட்டிலைத் திறக்க இடம் கொடுத்தால், வழக்கு மண்டபக்காரர் மீதும் பாயும்.